கடல்மீன் தொட்டி வைப்போர் கவனத்துக்கு

மீன் வியாபாரம் என்று சொன்னால் நம்மவர்களுக்குப் பேலியகொடை மொத்தச் சந்தையும் அதிகாலை நேரமும் ஐஸ் பெட்டியும்தான் ஞாபகத்துக்கு வரும். அது கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசுகின்ற மீன். ஒரு மீனுக்கு இவ்வளவு என்று விலை பேசுகின்ற இன்னொரு வியாபாரமும் இந்நாட்டில் இருக்கின்றது. அதில் மீன் உயிரோடு இருக்கும்வரைதான் அது சரக்கு. செத்துவிட்டால் அரை ரூபாவும் பெறாது.

அலங்காரக் கடல்மீன் ஏற்றுமதி இலங்கைக்குப் புதிதல்ல. 1930களிலேயே மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துவிட்டது. நன்னீர் அலங்கார மீன்களைத் தொட்டியில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். கடல்மீனோ பெரும்பாலும் சுழியோடிகள் கடலில் இறங்கிப் பிடித்து வருவது. தென்மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தப் பக்கம், பிறகு காற்று மாறியதும் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் என்று அவர்கள் பருவம் பார்த்து இடம் மாறுவார்கள். பொலித்தீன் பையும் ரெஜிபோம் பெட்டியும் விநியோகிப்பவன் என்ற வகையில் அந்த மீன் கூடங்களின் வாசலில் நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் போய் நிற்கிறேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனது நண்பர் ஒருவருக்குக் கொழும்பில் தளபாடக் கடை இருக்கின்றது. அவரது மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கடையின் ஒரு மூலையில் கடல்மீன் தொட்டிகள் செய்து விற்கப் போவதாகச் சொன்னார். ஹோட்டல்கள், பல் வைத்தியர் நிலையங்கள், பெரிய வீடுகள் என்று வாடிக்கையாளர் பட்டியலும் மனதில் வைத்திருந்தார். தகப்பன் முதல் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் ஒரு தொட்டியைக் கடையிலேயே வைத்து ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அது நின்று பிடித்தால்தான் மிச்சப் பணம். நியாயமான நிபந்தனைதான். ஆனால் "எத்தனை நாள்?" என்று கேட்டபோது மகன் "மூன்று மாதம்" என்றார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

தொட்டி நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 255 லீற்றர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே கால் தொன் பாரம். கண்ணாடியும் கல்லும் வேறு. மேல்மாடியில் வைக்க நினைப்பவர்கள் தச்சரிடம் கேட்டால் போதாது, மேசனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளுங்கள்.

அடுத்தது உப்பு. நண்பர் உடனே, "புத்தளத்திலிருந்து ஒரு மூட்டை இறக்குவோமே" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உப்பளத்தில் கடல்நீர் காயும்போது முதலில் கல்சியம் சேர்ந்த ஜிப்சம் படிந்துவிடும். அதன் பிறகுதான் நாம் உண்ணும் உப்பு விளைகின்றது. மகனீசியம் கடைசிக் கசப்பு நீரோடு போய்விடும். ஆகவே மூட்டையில் வருவது ஏறக்குறையத் தனிச் சோடியம் குளோரைட்டு. சமையலுக்கு அதுதான் தேவை. மீனுக்கோ கடலில் இருக்கும் எல்லாமே, அதே விகிதத்தில் வேண்டும். இதற்கென்றே தயாரித்த உப்புக் கலவை வெளிநாட்டிலிருந்து வருகின்றது. லீற்றருக்கு 35 கிராம் அளவில் கரைத்தால் கடலின் உப்பளவுக்கு வரும். இந்தத் தொட்டிக்குக் கல்லும் மேல் இடைவெளியும் போக எட்டுக் கிலோ அளவில் போனது.

கடல் பக்கத்தில்தானே இருக்கின்றது, அள்ளி வந்தால் என்ன என்று கேட்கலாம். அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இடமும் காலமும் பார்க்க வேண்டும். களனி கங்கை விழும் பக்கத்தில் எடுத்தால் உப்பும் குறைவு, அழுக்கும் அதிகம். மழை விட்ட கையோடு எங்கே எடுத்தாலும் அளவு பிசகும். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றிய பிறகு, மேல் மாகாணக் கரையில் தண்ணீர் எடுத்தவர்கள் எவ்வளவு யோசித்தார்கள் என்பதை நான் கண்டேன். மகன் கலவை உப்பையே தெரிவு செய்தார். குழாய் நீரில் குளோரீன் இருப்பதால் அதை நேரடியாகப் பாவிக்காமல், வடிகட்டி எடுத்த நீரில்தான் கரைத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் தொட்டிக்குள் உயிருள்ள பவளக் கற்களை அடுக்கியிருப்பார்கள். நம் நாட்டில் கடலிலிருந்து பவளப் பாறையைப் பெயர்த்து எடுப்பது சட்டப்படி குற்றம். "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், இரவில் கொண்டுவந்து தருவார்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கடைகளில் சுட்ட மண்ணில் செய்த செயற்கைக் கல் கிடைக்கின்றது. அதிலும் பக்டீரியா குடியேறும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

பக்டீரியா என்றதும் நண்பர் முகத்தைச் சுளித்தார். ஆனால் தொட்டியின் உண்மையான முதலீடு அதுதான். மீன் கழிக்கும் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அமோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பக்டீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்று ஓரளவுக்கு இருந்தால் மீன் தாங்கும், மிஞ்சியதைத் தண்ணீர் மாற்றிக் குறைக்கலாம். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் பெருகிக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். மீன் இல்லாமலே அவற்றை வளர்க்க வேண்டும். மகன் ஒரு இறால் துண்டைச் சிறு வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டார். அது அழுக, அமோனியா ஏற, சோதனைக் குப்பியில் நிறம் பார்த்து நாளாந்தம் ஒரு கொப்பியில் எழுதி வந்தார்.

கடைக்கு வந்தவர்களுக்கு இது எதுவும் விளங்கவில்லை. விளக்கு எரிகின்றது, தண்ணீர் ஓடுகின்றது, உள்ளே கல் மட்டும். "ஹாஜியார், மீன் எங்கே?" என்று கேட்காத ஆள் இல்லை. மூன்றாவது வாரம் நண்பர் பொறுமை இழந்து, "என்ன மகன் இது, தண்ணியக் காட்டியா சல்லி எடுக்கப் போற?" என்று என் முன்னாலேயே கேட்டுவிட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை. கொப்பியை எடுத்து நீட்டினார். அமோனியா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நைத்திரைற்று ஏறத் தொடங்கியிருந்தது. கணக்குப் புத்தகம் பார்த்துப் பழகிய மனிதர், இலக்கங்களைக் கண்டதும் கொஞ்சம் அடங்கினார். ஐந்தாவது வார முடிவில் இரண்டும் பூச்சியத்துக்கு வந்தன.

சரி, இனி மீனை வாங்கித் தொட்டியில் விடலாம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மகன் அங்கேயும் விடவில்லை. இரண்டு அடி நீளத்தில், ஒரு அடி அகலம் உயரத்தில், 56 லீற்றர் கொள்ளும் இன்னொரு சிறு தொட்டியைக் கடையின் பின்னறையில் வைத்தார். மணல் இல்லை, கல் இல்லை. மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பீவீசீ குழாய்த் துண்டுகள், காற்று மோட்டார், ஒரு பஞ்சு வடிகட்டி. அந்தப் பஞ்சை முதல் நாளிலிருந்தே பெரிய தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். ஐந்து வாரத்தில் அதிலும் பக்டீரியா ஏறியிருந்தது. அதைச் சிறிய தொட்டிக்கு மாற்றினால் அங்கே மறுபடி ஐந்து வாரம் காத்திருக்கத் தேவையில்லை. பெரிய தொட்டிக்கு மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போட்டு, அங்குள்ள பக்டீரியாவைப் பட்டினி போடாமல் பார்த்துக் கொண்டார்.

தனிமைப்படுத்தல் என்ற சொல் 2020இல் நம் எல்லோர் வாயிலும் வந்தது. மீன் கூடங்களில் அது எப்போதும் இருந்த சொல். ஏன் அவசியம் என்பதை மீனின் பயணத்தைப் பார்த்தால் விளங்கும். சுழியோடி வலையில் பிடிக்கிறார். ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவந்தால் மீனின் காற்றுப்பை ஊதிவிடும். சுழியோடியும் அப்படி வேகமாக ஏறினால் அவர் கைகால் விளங்காமல் போகலாம். அப்படி முடங்கியவர்களை நம் கரையோரக் கிராமங்களில் காணலாம். பிறகு படகில் வாளி, கரையில் தொட்டி, லொறி, கூடத்தில் இன்னொரு தொட்டி. ஒவ்வொரு இடத்திலும் வேறு கடலிலிருந்து வந்த மீன்களோடு பழக்கம். பொதி கட்டுவதற்கு முன் தண்ணீர் அழுக்காகாதிருக்க ஒன்றிரண்டு நாள் பட்டினி. இத்தனைக்கும் பிறகு வருகின்ற மீனின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எங்கே இருக்கும்?

அந்த நிலையில்தான் ஒட்டுண்ணி வேலையைக் காட்டும். கடல்மீனுக்கு வரும் வெண்புள்ளி நோயைக் கிரிப்டோகேரியன் என்பார்கள். செட்டையில் உப்புத்தூள் தூவியது போல இருக்கும். இதன் தந்திரம் என்னவென்றால், புள்ளி மூன்று முதல் ஏழு நாளில் தானாகவே உதிர்ந்துவிடும். உரிமையாளர் நோய் மாறிவிட்டது என்று சந்தோஷப்படுவார். உண்மையில் அது கீழே விழுந்து, கல்லிலும் மணலிலும் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகும். பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து நாலு வாரத்துக்குள் கூடு வெடித்து, குஞ்சுகள் மீனைத் தேடிப் புறப்படும். இரண்டாம் முறை வரும்போது நூறு மடங்காக வரும், செவுளை அடைக்கும்.

வெளியூரில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி ஹோட்டல் ஒன்றுக்குப் பெரிய தொட்டி அமைத்துக் கொடுத்தார். எல்லாம் நேர்த்தியாகச் செய்து, திறப்பு விழாவுக்கு முதல் நாள் நம் கடலிலேயே கிடைக்கும் பவுடர் புளூ என்ற நீலமீனை நேராகத் தொட்டியில் விட்டார். பார்த்தவர் கண் எடுக்க முடியாத அழகு. ஆனால் வெண்புள்ளி முதலில் தேடுவதும் அந்த இனத்தைத்தான். நாலாம் நாள் புள்ளி, ஏழாம் நாள் புள்ளியில்லை, மூன்றாம் வாரம் தொட்டியில் ஒரு மீனும் இல்லை. மீனுக்குப் போட்ட பணம் மட்டும் அல்ல, அந்த ஹோட்டலும் போனது. தொட்டியைச் சுத்தமாக்க, மீனே இல்லாமல் ஓடவிட வேண்டும். ஆறு வாரம் என்று பழையவர்கள் சொல்வார்கள். கவனமானவர்கள் இப்போது 76 நாள் விடுகிறார்கள். ஹோட்டல்காரர் 76 நாள் வெறுந்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

நண்பரின் மகன் முதல் மீனாக இரண்டு சிறிய கிளவுன் மீன்களை வாங்கினார். 2003இல் வந்த நீமோ படத்துக்குப் பிறகு சிறுவர்கள் எல்லோரும் கேட்கும் மீன். ஆனால் படத்தில் வரும் இனம் நம் கடலில் இல்லை. கிளார்க் என்ற அதன் உறவுக்கார இனம்தான் இங்கே இருக்கின்றது. வாங்கும் முன் கூடக்காரரிடம் தீனி போடச் சொல்லி, மீன் பாய்ந்து தின்பதைக் கண்ட பிறகே காசைக் கொடுத்தார். இது நான் சொல்லிக் கொடுத்தது. தின்னாத மீனை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

பையைப் பற்றி என் தொழில் சார்பில் ஒரு விஷயம். கட்டிய பைக்குள் மீன் விடும் மூச்சினால் காபனீரொட்சைட்டு கூடும், தண்ணீரின் காரத் தன்மை இறங்கும். அந்த நிலையில் அமோனியா சேர்ந்திருந்தாலும் அவ்வளவாகத் தாக்காது. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேறும், காரம் ஏறும், அதே அமோனியா சட்டென்று நஞ்சாகும். நீண்ட பயணம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு, பழக்குகிறேன் என்று மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது அதனால்தான் ஆபத்து. மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். தொட்டியின் உப்பளவை முன்கூட்டியே பை நீரின் அளவுக்கு வைத்திருங்கள். திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

ஆறாம் நாள் ஒரு மீனின் வாலில் நாலைந்து வெண்புள்ளி கண்டது. மூச்சும் வேகமாக இருந்தது. நண்பர் எனக்குத் தொலைபேசியில், "பார்த்தியா, சல்லி போச்சு" என்றார். நான் போனபோது பிள்ளை பதற்றமில்லாமல் செப்பு மருந்தை அளந்துகொண்டிருந்தார். செப்பு ஒட்டுண்ணியைக் கொல்லும். ஆனால் இடைவெளி மிகக் குறுகியது. சாதாரணச் செப்புக் கரைசலானால் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். அதற்குக் கீழே என்றால் ஒட்டுண்ணி சாகாது, மேலே போனால் மீன் சாகும். வேறு சேர்மானங்களோடு வரும் மருந்துகளுக்கு அளவு வேறு, போத்தலில் போட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் சிறிது சிறிதாக ஏற்றி, தினமும் சோதித்துப் பார்க்க வேண்டும். கல்லும் மணலும் செப்பை உறிஞ்சிவிடும் என்பதால்தான் அந்தத் தொட்டி வெறுமையாக இருக்கின்றது. இறால், நண்டு, பவளம் எதுவும் செப்பைத் தாங்காது. நம் நாட்டிலிருந்து பேர்போன சிவப்பு இறால் வெளிநாடு போகின்றதே, அதை ஒருநாள் பெரிய தொட்டியில் விட நினைப்பவர், செப்புப் பட்ட பஞ்சையோ வலையையோ வாளியையோ அந்தப் பக்கம் கொண்டு போகக் கூடாது. பிள்ளை வாளியில் சிவப்பு நாடா சுற்றி வைத்திருந்தார். கடைப் பையனுக்கும், பின்னறையில் கை நனைத்தால் கழுவித் துடைக்காமல் முன்னால் வரக் கூடாது என்று கட்டளை.

எட்டாம் நாள் புள்ளி மறைந்தது. நண்பர் கையோடு, "சுகமாகிட்டுதே, இனி முன்னுக்கு விடு மகன், ஆட்கள் பார்க்கட்டும்" என்றார். பிள்ளை முதல் தடவையாக எதிர்த்துப் பேசினார்: "இல்ல வாப்பா, இப்ப விட்டா பெரிய தொட்டியும் போகும்." தகப்பன் கோபத்தோடு எழுந்து போனார். ஆனால் கையை வைக்கவில்லை. செப்பு முழு அளவுக்கு வந்தபின் முப்பது நாள். பிறகு தண்ணீரை மாற்றி, கரி வடிகட்டியால் செப்பை இழுத்தெடுத்து, மருந்தில்லாமல் இன்னும் இரண்டு வாரம் வெறும் கண்காணிப்பு. ஐம்பத்து மூன்றாம் நாள் மாலை, அஸருக்குப் பிறகு, இரண்டு மீனையும் பெரிய தொட்டியில் விட்டார்கள். எல்லாம் சேர்த்து மூன்று மாதம்தான். பிள்ளை சொன்ன கணக்குப் பிசகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வெப்பம், மின்சாரம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர் நாட்டுக்காரர் தொட்டிக்குச் சூடாக்கி வாங்குகிறார்கள். நமக்குக் குளிர்விப்பதுதான் பாடு. மேசை விசிறியைத் தண்ணீருக்கு மேலே பிடித்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் தொட்டி நாளுக்கு நாள் கரிக்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம்.

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். அந்தச் சிறு தொட்டி, பஞ்சு, மோட்டார், மருந்து, சோதனைக் குப்பி எல்லாம் சேர்த்து முழுச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதி ஒன்பது பங்கையும் காப்பாற்றியது அதுதான். நம் கடைக்காரர்கள் பெரும்பாலும் வெட்டுகின்ற செலவும் அதுதான். ஏனென்றால் அது வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை.

இதில் மார்க்கம் சம்பந்தப்பட்ட பக்கமும் இருக்கின்றது. தண்ணீருக்குள் இருக்கும் மீனைப் பிடிக்கும் முன் விற்பதை, நிச்சயமில்லாத வியாபாரத்துக்கு உதாரணமாகவே நமது பிக்ஹு அறிஞர்கள் காட்டுவார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் மீன் கைக்கு வந்த மீன்தான், அதில் தடையில்லை. ஆனால் நேற்று புள்ளி கண்டு இன்று மறைந்த மீனை, தெரிந்துகொண்டே சுகமான மீனாக விற்பவரை என்னவென்று சொல்வது? மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை ஜும்ஆப் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். ஈரத்தை மேலே, ஆட்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் அன்று வியாபாரிக்குச் சொல்லப்பட்டது. மீன் வியாபாரத்தில் அந்த ஈரம் கொப்பியில் இருக்கின்றது.

பிள்ளை அதைத்தான் செய்கிறார். இப்போது பின்னறையில் மூன்று சிறு தொட்டிகள். விற்கும் ஒவ்வொரு மீனோடும் அந்த மீனின் கொப்பிப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறார். வந்த நாள், தின்னத் தொடங்கிய நாள், நோய் கண்டதா, என்ன மருந்து, எத்தனை நாள். விலை மற்றக் கடையை விட அதிகம். விலை கேட்டுத் திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியினர் இரண்டு மாதம் கழித்து, தொட்டியைக் காலியாக்கிக்கொண்டு வருகிறார்கள். தகப்பன் மிச்ச முதலைக் கொடுத்துவிட்டார். ஆனால் கடையில் யாராவது "ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்டால், பதில் சொல்வது மகன் அல்ல, அவர்தான். கொப்பியை எடுத்து நீட்டுகிறார்.

உள்ளூரில் விற்பதோடு நில்லாமல் ஏற்றுமதி செய்ய விரும்பும் வாசகர்களுக்கு ஒன்று. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடிச் சட்டத்தின் கீழ் உயிருள்ள மீன் ஏற்றுமதிக்கென்று ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. முற்றாகத் தடைசெய்யப்பட்ட இனங்களும், கட்டுப்பாட்டோடு அனுமதிக்கப்படும் இனங்களும் அதில் வேறு வேறாக இருக்கின்றன. சில வண்ணத்துப்பூச்சி மீன்கள் முதலாவது பட்டியலில் வருபவை. பட்டியலை மீன்பிடித் திணைக்களத்தில் நேரில் கேட்டு வாங்கி, மீனின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சுழியோடிக்கு முற்பணம் கொடுங்கள்.